ஒரு அழைப்புப் பொத்தானுக்கு என்ன விலை? அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களின் விதியும் செலவுக் கணக்கும்

ஒரே அறையில் இரண்டு கட்டில்கள். உதவிக்கு ஆளைக் கூப்பிடும் பொத்தான் ஜன்னலோரக் கட்டிலின் பக்கம் மட்டும் இருக்கிறது. கதவோரக் கட்டிலில் இருப்பவருக்குத் தானாக எழுந்து நடக்க முடியாது. அவருக்குப் பாத்ரூம் போக வேண்டும் என்றால் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பி பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் குரல் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் பழைய விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் இதில் தப்பே கிடையாது. அறையிலிருந்தும், கழிப்பறை, குளியலறையிலிருந்தும் நர்ஸ்கள் உட்காரும் இடத்துக்கு அழைப்பு போய்ச் சேர வேண்டும் என்றுதான் அந்த விதி கேட்டது. அறைக்கு ஒன்று இருந்தால் போதும்.

2016 அக்டோபர் 4 அன்று இது மாறியது. அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களுக்கான மத்திய விதிகளை வகுப்பது முதியோருக்கான மெடிகேர், வசதி குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் ஆகிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அரசு அமைப்பு. சுருக்கமாக சிஎம்எஸ் என்பார்கள். அவர்கள் அன்று வெளியிட்ட பெரிய திருத்தத்தில் ஒரு சின்னப் பகுதி, இனிமேல் ஒவ்வொருவருடைய படுக்கை அருகிலிருந்தும் அழைப்பு போக வேண்டும் என்றது. இல்லங்களுக்கு அவகாசமும் கொடுத்தார்கள். திருத்தம் மூன்று கட்டமாக அமலானது, படுக்கையருகே பொத்தான் என்ற பகுதி கடைசிக் கட்டத்தில், 2019 நவம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது.

இப்படி ஒரு கருவியைக் கட்டாயமாக்கினால் அதற்கு என்ன செலவாகும், அந்தச் செலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள், கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் சின்னத் தனியார் மருத்துவமனை. இங்கே நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல. வயதாலோ நோயாலோ தனியாக இருக்க முடியாதவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கியிருக்கும் இடம். அமெரிக்காவில் சுமார் 15,000 இருக்கின்றன, பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் வாழ்கிறார்கள்.

கருவி சாதாரணமானதுதான். படுக்கையில் ஒரு வயரின் நுனியில் பொத்தான் தொங்கும். அழுத்தினால் அறை வாசலுக்கு மேலே விளக்கு எரியும், நர்ஸ்கள் இருக்குமிடத்தில் ஒலி எழும், புதிய அமைப்புகளில் உதவியாளரின் இடுப்பில் இருக்கும் கருவியிலும் செய்தி வரும். பல அமைப்புகளில் அந்த விளக்கை அணைக்க வேண்டுமென்றால் கட்டில் பக்கம் வந்துதான் அணைக்க முடியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்த யோசனை ரொம்பப் பழையது. 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு மருத்துவ இல்லத்தை ஏற்று நடத்தப் போகும்போதே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதைக் கேட்டு எழுதியிருக்கிறார். நோயாளியின் மணி நர்ஸின் கதவுக்கு வெளியே ஒலிக்க வேண்டும், ஒலித்ததும் ஒரு சிறு மூடி திறந்துகொண்டு, யார் கூப்பிட்டார்கள் என்று நர்ஸ் பார்க்கும்படி அப்படியே திறந்து நிற்க வேண்டும் என்றார்.

குளியலறையில் பொத்தானுக்குப் பதில் பெரும்பாலும் ஒரு கயிறு தொங்கும். அது தரைக்குப் பக்கத்தில் வரை தொங்க வேண்டும். விழுந்து தரையில் கிடப்பவரின் கைக்கு எட்ட வேண்டும் என்று, இல்லங்களைச் சோதனையிட வரும் அரசு ஆய்வாளர்களுக்கான வழிகாட்டுதலே சொல்கிறது. துடைப்பம் போடும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தக் கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றி வைத்துவிட்டால், சுவரில் லட்சக்கணக்கில் செலவழித்த அமைப்பு இருந்தும் விழுந்தவருக்குப் பயனில்லை.

சரி, செலவுக்கு வருவோம்.

ஒரு விதிக்கு என்ன செலவு என்று கேட்டால் முதலில் வரும் கேள்வி, விதி இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது. அமெரிக்க அரசின் கணக்கு முறையில் இதை அடிப்படை நிலை என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த நிலைக்கு மேல் புதிதாக ஆகும் செலவு மட்டுமே விதியின் செலவு. ஏற்கெனவே வயரிங் ஓடியிருக்கும் வீட்டில் கூடுதலாக ஒரு ஸ்விட்ச் பாயிண்ட் போடுகிறோம் என்றால், அந்தப் பாயிண்ட்டுக்கு ஆன கூலியையும் பொருளையும்தான் சொல்வோம், வீட்டின் மொத்த வயரிங் செலவை அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த இல்லத்தின் ரசீதும் அல்ல.

100 படுக்கை, 50 அறை, அறைக்கு இருவர். முழு அழைப்பு அமைப்பையும் புதிதாகப் போட 2 லட்சம் டாலர் ஆகிறது, பத்து வருடம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டியை விட்டுவிட்டால் வருடத்துக்கு 20,000 டாலர். பேட்டரி, பழுது, பரிசோதனை, ஊழியர் பயிற்சி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இன்னொரு 10,000. ஆக வருடத்துக்கு 30,000 டாலர். ஒரு படுக்கைக்கு 300, ஒரு நாளைக்கு 82 சென்ட்.

ஆனால் நம் இல்லத்தில் அறைக்கு ஒரு பொத்தான் ஏற்கெனவே இருக்கிறது. குளியலறையில் கயிறும் இருக்கிறது. பழைய விதியே அதைக் கேட்டிருக்கிறது. புதிய விதிக்காக வாங்க வேண்டியது இன்னும் 50 பொத்தான்கள் மட்டும். ஒன்றைப் பொருத்த 500 டாலர் என்றால் மொத்தம் 25,000. பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 2,500. ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 சென்ட்.

82 சென்ட்டா, 7 சென்ட்டா? இரண்டும் ஒரே இல்லம், ஒரே கருவி. எதை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். விதியை எதிர்ப்பவர் முதல் எண்ணைச் சொல்வார், ஆதரிப்பவர் இரண்டாவதைச் சொல்வார். செய்தியில் ஒரு பெரிய தொகையைப் பார்த்தால் அது மொத்த அமைப்பின் விலையா, கூடுதலாக ஆகும் விலையா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். அதேபோல 2016 திருத்தத்தின் மொத்தச் செலவாக சிஎம்எஸ் சொன்னது முதல் வருடம் சுமார் 83 கோடி டாலர், அதன்பின் வருடத்துக்கு சுமார் 74 கோடி டாலர். இது பொத்தானின் விலை அல்ல. தொற்றுத் தடுப்பு, தரக் கண்காணிப்பு, ஊழியர் பயிற்சி என்று எத்தனையோ விஷயங்கள் அடங்கிய மொத்தத் திருத்தத்தின் விலை. பொத்தான் அதற்குள் ஒரு மூலை.

இன்னும் ஒன்று. எல்லாக் கட்டடத்திலும் ஒரு பாயிண்ட் போட ஒரே செலவு ஆகாது. சுவரைத் திறந்து வயர் இழுக்க வேண்டும், பழைய கட்டடம் என்றால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை எடுப்பதற்குத் தனி ஆட்கள், தனிச் செலவு. வேலை நடக்கும்போது அந்த அறையில் இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றவும் வேண்டும். வயர்லெஸ் போட்டால் சுவரைத் தொட வேண்டாம், ஆனால் பேட்டரி தீர்ந்ததா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சிக்னல் எட்டாத மூலைகள் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். வாங்கும்போது மலிவு, வைத்துக்கொள்ள வேலை அதிகம்.

சிறிய இல்லங்களுக்கு இன்னொரு கஷ்டம். நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மென்பொருள், பயிற்சி இதெல்லாம் 30 படுக்கைக்கும் 150 படுக்கைக்கும் பெரிதாக மாறாது. அதனால் தலைக்கு விழும் பங்கு சின்ன இடத்தில் கூடிவிடுகிறது. இதற்காகவே 1980-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு விதி சிறு நிறுவனங்களை எவ்வளவு பாதிக்கும் என்று அரசுத் துறை தனியாகப் பார்க்க வேண்டும். சுகாதாரத் துறை வைத்திருக்கும் அளவுகோல், செலவு வருமானத்தில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்பது. 7 சென்ட் கணக்கு அதன் பக்கத்தில்கூட வராது.

இதுவரை பார்த்தது பொத்தானின் விலை. எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் வரும் செலவு.

பொத்தானை அழுத்தினால் ஒரு மனிதர் எழுந்து வர வேண்டும். நம் கணக்கிலேயே தொடர்வோம். புதிதாகப் பொத்தான் கிடைத்த 50 பேர், ஒவ்வொருவரும் நாளைக்கு ஒரே ஒரு முறை கூடுதலாகக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் உதவியாளருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. 250 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சம்பளமும் சலுகைகளும் சேர்த்து ஒரு மணிக்கு 25 டாலர் என்றால் நாளைக்கு சுமார் 104 டாலர். வருடத்துக்கு 38,000. பொத்தானுக்கு வருடத்துக்கு 2,500 தான் ஆனது. அதைப் போலப் பதினைந்து மடங்கு, ஒரே ஒரு கூடுதல் அழைப்புக்கு! முழு அமைப்பையும் புதிதாகப் போட்டாலும் ஆகும் வருடச் செலவைவிட இது அதிகம்.

இந்த 38,000-ஐ விதியின் செலவில் சேர்க்கலாமா? இங்கேதான் உண்மையான வாக்குவாதம். அரசுத் தரப்பில் சொல்லக்கூடியது இது: அந்த உதவி புதிதல்ல. பராமரிப்பு இல்லங்களைச் சீர்திருத்தி 1987-ல் வந்த சட்டமே, ஒவ்வொருவரும் தங்களால் முடிந்த அளவு உச்சபட்ச நலத்தோடு இருக்கத் தேவையான சேவையைத் தர வேண்டும் என்கிறது. கதவோரக் கட்டில்காரரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது பொத்தான் இல்லாத காலத்திலும் இல்லத்தின் கடமைதான். கடமையை நினைவூட்டும் கருவியின் மேல் கடமையின் செலவை எழுதக் கூடாது. இல்லம் நடத்துபவர் சொல்லக்கூடியதும் நியாயமே: காகிதத்தில் யார் கணக்கில் எழுதினாலும், சம்பளப் பணம் என் கையிலிருந்துதான் போகிறது.

என்னைக் கேட்டால் அந்தச் செலவை மறைக்காமல் எழுத வேண்டும், ஆனால் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுத வேண்டும். பொத்தான் வருவதற்கு முன்னும் அந்தச் செலவு இருந்தது. அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் கட்டிலில் படுத்திருந்தவர். அடக்கிக்கொண்டு காத்திருந்தார், ஈரத் துணியிலேயே கிடந்தார், முடியாமல் தானே எழுந்து நடந்து விழுந்தார். எந்தப் பேரேட்டிலும் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

விழுவது சின்ன விஷயம் அல்ல. இந்த இல்லங்களில் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஒவ்வொரு வருடமும் விழுகிறார்கள். விழுந்து உடனே யாராவது தூக்கிவிட்டால் ஒரு மாதிரி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் கதையே வேறு. உடல் சூடு இறங்கும், நீர்ச்சத்து குறையும், அழுந்திய இடத்தில் தோல் புண்ணாகும், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். எலும்பு முறியாமலே ஒருவர் மருத்துவமனைக்குப் போகும் நிலை வந்துவிடும்.

பலனை டாலரில் சொல்வது கஷ்டம் என்பதால், கணக்கு போடுபவர்கள் கேள்வியைத் திருப்பிப் போடுவதுண்டு. எத்தனை விபத்தைத் தடுத்தால் இந்தச் செலவு கட்டுப்படியாகும்? இடுப்பெலும்பு முறிவு ஒன்றுக்கு மருத்துவமனைச் செலவு 25,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பொத்தான்களின் பத்து வருட விலையும் அதேதான். பத்து வருடத்தில் ஒரே ஒரு முறிவைத் தடுத்தால் போதும். ஊழியர் நேரத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 40,500 டாலர் ஆகிறது, அப்போது வருடத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் முறிவுகளைத் தடுக்க வேண்டும். முதல் கேள்விக்கு யாரும் யோசிக்காமல் சரி என்பார்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யோசிக்கும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அமெரிக்காவில் விதிகளின் செலவு, பலன் கணக்குக்கு அடித்தளமான 1993-ஆம் ஆண்டின் 12866-ஆம் அதிபர் ஆணை, எண்ணில் அடங்காத பலன்களும் அவசியமானவை, அவற்றையும் கருத வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. கூப்பிட்டால் ஆள் வரும் என்ற தைரியத்தோடு தூங்குவதற்கு விலைப்பட்டியல் கிடையாது. அதனால் அது பூஜ்ஜியம் என்று ஆகிவிடாது.

அடுத்து, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தால் ஒரு கசப்பான விஷயம் தெரியும். இந்த இல்லங்களில் இருப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது. வசதி குறைந்தவர்களுக்காக மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மாநிலம்தான் நிர்ணயிக்கிறது. புதிய விதி வந்ததும் அந்தத் தொகை தானாக ஏறாது. மாநிலம் ஏற்றும்வரை இல்லம் தாங்க வேண்டும், அல்லது சொந்தப் பணம் கட்டித் தங்கியிருப்பவர்களின் கட்டணத்தில் ஏற்ற வேண்டும், அல்லது வேறெங்காவது கை வைக்க வேண்டும்.

ஆனால் விபத்து தவிர்க்கப்பட்டால் மிச்சம் யாருக்கு? மருத்துவமனைச் செலவை ஏற்பது பெரும்பாலும் மெடிகேர், அதாவது முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு. பொத்தானுக்குப் பணம் போடுவது ஒருவர், மிச்சம் பிடிப்பது இன்னொருவர். இதைவிடவும் மோசம் ஒன்று இருக்கிறது. மெடிகெய்ட்டில் இருக்கும் ஒருவர் மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பினால், அதற்குப் பிறகு கொஞ்ச காலம் இல்லத்துக்கு மெடிகேர் பணம் கட்டக்கூடும். அது மெடிகெய்ட் கொடுப்பதைவிட அதிகம். இதற்காக யாரும் வேண்டுமென்றே விழவிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விபத்தைத் தடுத்த இல்லத்துக்கு லாபம் வராதபடி பணத்தின் வழி அமைந்திருக்கிறது என்கிறேன். இந்த மாதிரி இடத்தில், நல்லது என்று தெரிந்தும் தானாக முன்வந்து செய்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். கட்டாயம் என்று ஒரு விதி தேவைப்படுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

விதியின் எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த இல்லங்களில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு மறதி நோய் இருக்கிறது. நோய் முற்றியவருக்குப் பொத்தான் எதற்கு என்றே நினைவிருக்காது. அவர்களுக்கு லேசாகத் தொட்டாலே போதும் என்ற பட்டைகள், கட்டிலை விட்டு எழுந்தால் ஒலிக்கும் அலாரம் என்று விற்கிறார்கள். அலாரம் போட்டதாலேயே விழுவது குறைந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. டென்னசியில் ஒரு மருத்துவமனையில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், கட்டில் அலாரத்தை அதிகமாகப் பயன்படுத்திய வார்டுகளில் விழுந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. இதற்கு எதிர்த்திசையில் இன்னொன்று: 2006-ல் வெளியான ஒரு அமெரிக்க மருத்துவமனை ஆய்வில், நர்ஸ்கள் மணிக்கு ஒரு தரம் தாங்களாகவே போய், வலி இருக்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா, பொருள்கள் கைக்கு எட்டுகின்றனவா என்று கேட்டபோது, அழைப்புகளும் குறைந்தன, விழுவதும் குறைந்தது. கருவியை நம்பி மட்டும் இருக்க முடியாது, ஆள் நடமாட்டம் வேண்டும்.

ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்றும் சிஎம்எஸ் ஒரு முறை கணக்குப் போட்டது. 2024-ல் வெளியிட்ட விதியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேர நர்ஸிங் பராமரிப்பு கிடைக்க வேண்டும், 24 மணி நேரமும் ஒரு பதிவுபெற்ற நர்ஸ் இருக்க வேண்டும் என்றார்கள். மதிப்பிட்ட செலவு பத்து வருடத்துக்கு 4,300 கோடி டாலர். பொத்தானுக்கு யாரும் நீதிமன்றத்தைத் தேடி ஓடவில்லை. இதற்கு ஓடினார்கள். 2025 ஏப்ரலில் டெக்சஸில் உள்ள ஒரு மத்திய நீதிமன்றம் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது, அதே வருடம் ஜூலையில் வந்த சட்டம் 2034 வரை அதை அமல்படுத்தவே கூடாது என்றது. ஆக, கூப்பிடும் கருவி கட்டாயம். கூப்பிட்டால் வரும் ஆளுக்கு எண்ணிக்கை சொன்ன விதிதான் நிற்கவில்லை. போதிய ஊழியர்கள் இருக்க வேண்டும் என்ற பொதுவான பழைய விதி இருக்கிறது, ஆனால் எத்தனை பேர் என்றால் போதும் என்று அது தலைக்கணக்குச் சொல்வதில்லை. பொத்தானை அழுத்திய பின் எத்தனை நிமிடத்துக்குள் வர வேண்டும் என்றும் அழைப்பு விதியில் இல்லை.

ஆனால் புதிய அமைப்புகளில் ஒவ்வொரு அழைப்பும் எப்போது வந்தது, எப்போது அணைக்கப்பட்டது என்று பதிவாகிறது. அமெரிக்காவில் அப்பா அம்மாவுக்கோ மாமனார் மாமியாருக்கோ இல்லம் தேடுகிறவர்கள் இருந்தால், சுற்றிக் காட்டுபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ராத்திரி ஷிப்டில் ஒரு உதவியாளர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? போன மாதம் ராத்திரி அழைப்புகளுக்கு ஆள் வரச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது, அந்தப் பதிவைப் பார்க்க முடியுமா? பொத்தானை அழுத்தத் தெரியாதவர்களை எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால், போகிற போக்கில் குளியலறையை ஒரு பார்வை பார்த்து, கயிறு தரைவரை தொங்குகிறதா, கம்பியில் சுற்றியிருக்கிறதா என்று கவனியுங்கள்.